மோரிஸ் மைனரின் எஞ்சின்

மோட்டார் கார் ஒன்றைக் கண்டதும் மாணவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இதற்கு எத்தனை குதிரைச் சக்தி?" என்பது. அடுத்த கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" என்பது. "எத்தனை ஆண்டு உழைக்கும்?" என்று கேட்பவர் பெரும்பாலும் தம் கைப்பணத்தைக் கொடுத்து வாங்கப் போகிற வீட்டுப் பெரியவர்தாம். அவருடைய கேள்விக்கு விற்பனைத் தாளில் நேரான விடை அச்சாகியிருப்பதில்லை. ஆனால் அத்தாளில் உள்ள எண்களை ஊன்றிப் படித்தால், விடையின் பெரும்பகுதி அவற்றினுள்ளேயே அடங்கியிருக்கக் காணலாம். எப்படிப் படிப்பது என்பதை ஒரு பழைய சிறிய எஞ்சினை முன்வைத்துப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே லாங்பிரிட்ஜ் என்ற இடத்தில் ஆஸ்டின் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1951-ஆம் ஆண்டு 'ஆஸ்டின் ஏ 30' என்னும் சிறு காருக்காக ஓர் எஞ்சின் உருவாயிற்று. பிற்காலத்தில் அதற்கு 'ஏ வரிசை' என்று பெயர் நிலைத்தது. மறு ஆண்டு ஆஸ்டின் கம்பெனியும் மோரிஸ் கார்களைச் செய்துவந்த நஃபீல்டு நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. அலெக் இஸிகோனிஸ் வகுத்தமைத்த மோரிஸ் மைனர் 1948 முதல் விற்பனையில் இருந்தது. ஆயினும் அதன் முகப்பு மூடிக்குள் இருந்தது போருக்கு முற்பட்ட பழைய 918 கன சென்டிமீட்டர் எஞ்சின். புதிய உடலுக்குள் பழைய உயிர்! இணைப்பு நடந்ததும், போட்டிக் கம்பெனியின் எஞ்சினாக இருந்த ஏ வரிசை 1952 முதல் மைனருக்குள் புகுந்தது. அது புகுந்த வேளை நல்ல வேளை என்றே சொல்ல வேண்டும். 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மோரிஸ் மைனர் வெளிவந்தது; பிரிட்டிஷ் கார் எதுவும் அதற்குமுன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

எஞ்சினின் அமைப்பைச் சற்று மனக்கண்ணால் பார்ப்போம். ஒரே வரிசையில் நின்ற நிலையில் நான்கு சிலிண்டர்கள். அவை அமைந்த உடற்பகுதியும் அதன்மேல் மூடியாக உட்காரும் தலைப்பகுதியும் வார்ப்பிரும்பால் ஆனவை. வால்வுகள் தலைப்பகுதியில், மேலிருந்து கீழ்நோக்கித் திறக்கும். அவற்றைத் திறக்கச் செய்யும் காம் தண்டு மட்டும் கீழே, உடற்பகுதியின் பக்கவாட்டில் சுழல்கிறது. காம் தண்டின் மேடு எழும்போது ஒரு நீண்ட கம்பி மேலே தள்ளப்படுகிறது. அக்கம்பி, ஏற்றப்பலகை போன்ற ஓர் ஆடு நெம்பின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை தாழ்ந்து வால்வை அழுத்தித் திறக்கிறது. காம் தண்டைத் தலைக்குமேல் வைத்து நேரே வால்வை இயக்குவது இதைவிட நேர்த்தியான முறை. அந்த முறை 1951-இலும் பொறியியலார் அறிந்ததே. ஆனால் அப்படிச் செய்தால், தலைப்பகுதியைக் கழற்றும்போதெல்லாம் காம் தண்டை ஓட்டும் சங்கிலியையும் பிரித்து, மீண்டும் அதைச் சரியான பல்லில் பொருத்த வேண்டியிருக்கும். மைனரின் தலைப்பகுதியைக் கழற்றுவதற்கு அந்தச் சங்கிலியைத் தொடவே வேண்டியதில்லை. வால்வுகளில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பது அக்காலத்தில் வழக்கமான வேலையாக இருந்ததால், இந்த வசதி சிறிதன்று.

வார்ப்பிரும்பு கனமானதுதான். எனினும் உடலும் தலையும் ஒரே உலோகமாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. சூடேறும்போது இரண்டும் ஒரே அளவில் விரிகின்றன. ஆறும்போது ஒரே அளவில் சுருங்குகின்றன. அலுமினியத் தலை இரும்பைக்காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு விரியும்; ஆகவே இடையிலுள்ள அடைப்புத் தகடு ஒவ்வொரு பயணத்திலும் சற்றே இழுபட்டுத் தேய்கிறது. மைனரின் எஞ்சினில் அந்த இழுபறி இல்லை.

இனி எண்களுக்கு வருவோம். மைனரில் முதலில் பொருத்தப்பட்ட ஏ வரிசை எஞ்சின் 803 கன சென்டிமீட்டர். சிலிண்டரின் உள்விட்டம் ஏறக்குறைய 58 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76.2 மில்லிமீட்டர், அதாவது சரியாக மூன்று அங்குலம். நிமிஷத்துக்கு 4,800 சுற்றில் அது 30 குதிரைச் சக்தியைத் தந்தது. 1956-இல் உள்விட்டத்தை மட்டும் 62.94 மில்லிமீட்டராக அகலப்படுத்தி 948 கன சென்டிமீட்டராக்கினார்கள். சக்தி 4,750 சுற்றில் 37 ஆயிற்று. அந்தக் காருக்கு 'மைனர் 1000' என்று பெயர். 1962-இல் பிஸ்டன் செல்லும் தூரத்தையும் நீட்டி 1,098 கன சென்டிமீட்டராக்கியபோது, சக்தி 48 குதிரையை எட்டிற்று.

இதில் 948-ஐ எடுத்துக்கொண்டு சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஏறக்குறைய 39 குதிரைச் சக்தி. இன்றைய ஒரு லிட்டர் எஞ்சின், காற்றை அழுத்தி ஊட்டும் கருவி ஏதுமின்றியே, ஏறக்குறைய 65 தருகிறது. ஆகவே மைனரின் எஞ்சின் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடலாமா? அதன் இழுவிசை எங்கே உச்சத்தை அடைகிறது என்று பாருங்கள்: நிமிஷத்துக்கு 2,500 சுற்றிலேயே. சக்தி உச்சமாகும் வேகத்தில் ஏறக்குறையப் பாதி அது. ஊருக்குள் ஓட்டுபவரும் மேட்டில் ஏறுபவரும் வேண்டுவது இந்த இழுவிசையைத்தான். எஞ்சினை விரட்டாமலே காரியம் நடந்துவிடுகிறது. விரட்டாத எஞ்சின் தேய்வது குறைவு.

விரட்டினால் என்ன ஆகும்? 4,800 சுற்று என்றால் நொடிக்கு 80 சுற்று. ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 160 தடவை நின்று, திசை திரும்பி, மறுபடி ஓடுகிறது. அதன் சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டருக்குச் சற்று மேல். இந்த நிறுத்தத்தையும் திருப்பத்தையும் தாங்குவன, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு பிணைக்கும் கோலும் அதன் அடியிலுள்ள பேரிங்கும். அந்த விசை, சுழல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பது பௌதிக மாணவர்களுக்குத் தெரிந்ததே. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. விற்பனைத் தாளில் மிகுந்த குதிரைச் சக்தி மிகுந்த சுற்று வேகத்தில் பெறப்பட்டதாகக் காணுமிடத்தில், இந்த வர்க்கத்தை நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்த எஞ்சினின் மூச்சுக்குழலும் அதை விரட்ட விடுவதில்லை. வால்வுகளை இயக்கும் கம்பிகளும், கலவை நுழையும் வழிகளும், புகை வெளியேறும் வழிகளும் தலைப்பகுதியின் ஒரே பக்கத்தில் அமைந்தவை. மின்பொறிக் கட்டைகளும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும் மறுபக்கத்தில். பெட்ரோலும் வெப்பமும் ஒருபுறம், மின்சாரம் மறுபுறம்; பழுது பார்ப்பவர்க்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் நெருக்கியதால், நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி நுழைவழி வைக்க இடமில்லாமற் போயிற்று. ஆகவே இரண்டு சிலிண்டருக்கு ஒரு நுழைவழியாக மொத்தம் இரண்டே வைத்தார்கள். புகைவழிகளோ மூன்று, நடுவிலுள்ள இரு சிலிண்டர்களுக்கும் ஒன்றே பொது. எரியும் வரிசை 1, 3, 4, 2 என்பதால், ஒரே வழியைப் பங்கிடும் அண்டை சிலிண்டர்கள் அடுத்தடுத்தே மூச்சிழுக்கின்றன. முதலாவது இழுத்து முடிப்பதற்குள் இரண்டாவது வாய்திறந்து அதன் பங்கில் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்கிறது. ஒரே தட்டில் உண்ணும் இரு சிறுவர்களின் கதைதான்! மெதுவான ஓட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. வேகம் கூடக் கூட மூச்சுத் திணறுகிறது. அதற்குமேல் எஞ்சினைத் துரத்துவதில் பயனில்லை என்று ஓட்டுபவருக்கே புரிந்துவிடுகிறது. இந்தக் குறையே எஞ்சினுக்குக் காவலாகவும் அமைந்தது என்பது என் கருத்து. இந்தக் குறையைப் பெரிதும் ஈடுசெய்தது, ஹாரி வெஸ்லேக் என்ற வல்லுநரின் முறைப்படி, இதயம் போன்ற வடிவில் அமைக்கப்பட்ட எரி அறை. நுழைகிற கலவையை அது நன்றாகச் சுழற்றிக் கலக்கிவிடுவதால், சிக்கனமாகவும் சீராகவும் எரிதல் நடைபெற்றது.

இவ்வளவும் சொன்னபின், முதலில் வந்த 803 எஞ்சின் குறையற்றது என்று எண்ணிவிட வேண்டாம். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் அதன் கோலடிப் பேரிங்குகள் விரைவில் தேய்ந்தன. காரணங்கள் மூன்று ஒன்றாகச் சேர்ந்தன. கோல் பற்றும் கிராங்க் முளையின் விட்டம் 36.5 மில்லிமீட்டர்தான். எண்ணெய் வடிகட்டி, பம்பு தரும் எண்ணெயில் ஒரு சிறு பகுதியை மட்டுமே வடிகட்டியது; மீதி, அழுக்கோடு நேரே பேரிங்குக்குச் சென்றது. இவற்றுக்குமேல், சிறிய எஞ்சினால் காரை இழுக்க வேண்டுமென்பதற்காகப் பின் அச்சின் பல்விகிதத்தை 5.375-க்கு 1 என்று தாழ்த்தி வைத்திருந்தார்கள். சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும்.

1956-இல் செய்த மாற்றங்களை இப்போது பார்த்தால், சக்தி 30-இலிருந்து 37 ஆனது அவற்றில் சிறிய செய்தி என்று தோன்றும். கிராங்க் முளையின் விட்டத்தை 41.3 மில்லிமீட்டராக்கினார்கள். விட்டத்தில் இது நூற்றுக்குப் பதின்மூன்றே கூடுதல். ஆனால் உருண்டைத் தண்டின் உறுதி விட்டத்தின் கனத்துக்கு ஏற்ப வளர்வதால், உறுதி நூற்றுக்கு 45 கூடிற்று. பேரிங்கின் உட்பூச்சு ஈயமும் இண்டியமும் சேர்ந்த வலிய கலவையாயிற்று. வடிகட்டி, பேரிங்குக்குப் போகும் எண்ணெய் முழுவதையும் வடிகட்டும் வகையாயிற்று. பின் அச்சின் விகிதம் 4.55 ஆனது. இந்தக் கடைசி எண்ணை யாரும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டர் ஓட முன்பு எஞ்சின் 2,900-க்கும் மேற்பட்ட சுற்றுகள் சுற்றியது, இப்போது 2,500-க்கும் குறைவு. கிலோமீட்டருக்கு 450 சுற்று மிச்சம். லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் நாலரைக் கோடிச் சுற்று மிச்சம்! அதே சாலை வேகத்தில் பிஸ்டனின் திருப்பு விசையும், எடை மாறாதிருந்தால், நூற்றுக்கு 28 குறைந்திருக்கும். பிஸ்டன் பெரிதாகிச் சற்று எடை கூடியதால் அந்த லாபத்தில் ஒரு பங்கு கரைந்தது. அதைத் தாங்கத்தான் முளை தடித்தது.

மாற்றம் வந்த காலமும் பொருத்தமானது. 1951-இன் இங்கிலாந்துச் சாலைகள் வேலியோரமாக வளைந்து வளைந்து செல்பவை; ஐந்து நிமிஷம் ஒரே வேகத்தில் ஓட்ட அவை இடங்கொடுத்ததில்லை. 1958-இல் பிரஸ்டன் நகரைச் சுற்றி முதல் மோட்டார் நெடுவழி திறக்கப்பட்டது; 1959-இல் எம் 1 சாலை திறந்தது. மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓட்டும் பழக்கம் அதன்பின் வந்ததே. பழைய 803 அந்தச் சோதனைக்கு ஆயத்தமாக இல்லை. 948 அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஆயத்தமாகிவிட்டது.

என்றாலும் ஒரு வரம்பு எஞ்சியிருந்தது. நான்கு முளைகளைச் சுமக்கும் கிராங்க் தண்டைத் தாங்குவன மூன்றே முதன்மைப் பேரிங்குகள். இவற்றால் எஞ்சின் நீளம் குறைந்தது, உராய்வும் குறைந்தது. ஆனால் தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையே இரண்டு முளைகள் இருப்பதால், மிகு வேகத்தில் தண்டு இலேசாக வளைந்து துடிக்கும். இதே எஞ்சினைப் பெரிதாக்கிப் பந்தயத்துக்கு விட்டவர்கள், தண்டை நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கியும் தாங்கல்களைத் தடிப்பாக்கியும்தான் அதை அடக்க முடிந்தது. அவ்வாறு செய்த மினி கூப்பர் எஸ் கார்கள் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றன.

மினி என்றதும் நினைவுக்கு வருவது ஒன்று. 1959-இல் இஸிகோனிஸ் மினியை அமைத்தபோது இதே எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்ப் பெட்டியை எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். மாதிரிக் கார்களில் 948 எஞ்சின் வைத்தபோது மணிக்கு 90 மைலுக்குமேல் ஓடியது. அந்தச் சிறு காருக்கு அது மிகை என்று கருதி, பிஸ்டன் செல்லும் தூரத்தைக் குறைத்து 848 கன சென்டிமீட்டராக்கினார்கள். வேகத்தைக் குறைத்து விற்றது வணிகத்தில் அரிய காரியம். ஆனால் எஞ்சினைத் திருப்பியதால் டிஸ்ட்ரிபியூட்டர் காரின் முகப்புக் கம்பித்தட்டிக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. மழையில் ஓடினால் நீர்த்துளி அதன்மேல் தெறித்து, மின்பொறி அணைந்து, கார் நடுவழியில் நின்றது. எஞ்சினின் இரும்பிலோ பேரிங்கிலோ குற்றமில்லை. இடம் மாறியதே குற்றம். பின்னர் மறைப்பு வைத்துச் சரிசெய்தார்கள். எண்ணெயும் மினியில் இரட்டை வேலை செய்தது. கியர்ப் பற்கள் அதைக் கசக்கிப் பிழிவதால், உரிய காலத்தில் மாற்றாதவர்களின் எஞ்சின் மைனரைவிட விரைவில் முதுமையடைந்தது.

மைனரின் உழைப்புக்கு அதன் பராமரிப்பும் காரணம். வால்வுத் தண்டுக்கும் ஆடு நெம்புக்கும் இடையே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அது குறைந்தால் சூட்டில் நீண்ட வால்வு முழுதும் மூடாமல் எரிந்துபோகும். கூடினால் தட்டும் ஓசை கேட்கும். இதைச் சரிபார்க்க மெக்கானிக்குகள் கையாளும் முறை அழகானது. வால்வுகள் மொத்தம் எட்டு. முன்னிருந்து எண்ணி, எந்த வால்வு முழுதும் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க வேண்டும். எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவதைச் சரிபார்க்கலாம். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. எழுத்தறியாத மெக்கானிக்கும் இந்தக் கணக்கில் தவறமாட்டார்.

பெரிய தேய்மானத்துக்கும் முன்கூட்டியே வழி வைத்திருந்தார்கள். சிலிண்டர் சுவர் தேய்ந்து எஞ்சின் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கினால், சுவரைக் கடைந்து அகலப்படுத்தலாம். ஆயிரத்தில் 20 பங்கு அங்குலமும் 40 பங்கு அங்குலமும் பருத்த பிஸ்டன்கள் கடையிலேயே கிடைத்தன. கிராங்க் முளைகளைச் சாணை பிடித்து மெலியச் செய்து, அதற்கேற்ற தடித்த பேரிங் ஓடுகளைப் பொருத்தலாம். முந்தின தலைமுறை எஞ்சின்களில் பேரிங் உலோகத்தை உருக்கி ஊற்றி, தேர்ந்த கைகள் சுரண்டிப் பொருத்த வேண்டியிருந்தது. இதில் பழைய ஓட்டை எடுத்துவிட்டுப் புதிய ஓட்டைச் செருகினால் போதும். ஆகவே லாங்பிரிட்ஜிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளியுள்ள ஊரிலும், ஒரு கடைசல் இயந்திரமும் ஓர் அளவுகோலும் உள்ள பட்டறையில், இந்த எஞ்சின் மறுபிறவி எடுக்க முடிந்தது. இலங்கையில் மோரிஸ் மைனர் கார்கள் இன்றளவும் சாலையில் ஓடுவதைக் காண்பவர்கள் இதை உணர்வார்கள். எண்ணெய்க் கசிவு மட்டும் இந்த எஞ்சினின் பிறவிக் குணம். கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் அடைப்பு வைக்காமல், எண்ணெயைத் திருப்பியனுப்பும் திருகுவரி ஒன்றையே வெட்டியிருந்தார்கள். தண்டு சுழலும்போது அது வேலை செய்யும். நின்றபின் சில சொட்டுகள் தரையில் விழும். பழகியவர்கள் அதற்காகக் கலங்குவதில்லை. எண்ணெய்க் குச்சியை வாரந்தோறும் பார்த்துக்கொள்வார்கள்.

மைனரின் உற்பத்தி 1971-இல் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. 1980-இல் சீர்திருத்தம் பெற்று மெட்ரோ காரில் புகுந்தது. கடைசி மினியோடு 2000-ஆம் ஆண்டில்தான் உற்பத்தி முடிந்தது. அந்நாளில் ஒரு புதிய சிக்கல் வந்தது, அதுவும் எஞ்சினுக்குள்ளிருந்து அன்று, பெட்ரோலிலிருந்து. ஏ வரிசையின் பழைய தலைப்பகுதிகளில் வால்வு உட்காரும் வளையம் தனியாகச் செய்யப்பட்டதன்று. வார்ப்பிரும்பிலேயே நேராகக் கடைந்தது. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடேறிய வால்வு இரும்போடு ஒட்டிப் பிய்ப்பதைத் தடுத்துவந்தது. மக்களின் உடல்நலம் கருதி ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனையைப் பிரிட்டன் 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டது. ஈயப் படலம் போனபின், விரைந்து ஓடும் எஞ்சின்களில் புகை வால்வுகள் தம் இருக்கையை அரித்து உள்ளே இறங்கலாயின, 0.3 மில்லிமீட்டர் இடைவெளி கொஞ்சங் கொஞ்சமாக மறைந்தது. இதற்கும் பட்டறையிலேயே மருந்து கிடைத்தது. தலைப்பகுதியைக் கழற்றி, அரித்த இருக்கையைச் சற்று ஆழமாகக் கடைந்து, கடினமான உலோக வளையம் ஒன்றை இறுக்கிச் செருகி, அதன்மேல் புதிய இருக்கையைத் தேய்த்து அமைக்கிறார்கள். சங்கிலியைத் தொடாமலே தலைப்பகுதி கழன்று வருவதால், இந்த வேலைக்கு எஞ்சினைக் காரிலிருந்து இறக்க வேண்டியதுமில்லை.